வலிப்பு மாத்திரைகளில் எது எதோடு சேராது?

வலிப்புக்கு எந்த மாத்திரை நல்லது என்பது வலிப்பின் வகையைப் பொறுத்தது. அதைச் சொல்ல வேண்டியவர் நரம்பு டாக்டர். மார்த்தாண்டத்தில் மருந்துக்கடையில் நிற்கும் எனக்கு வரும் கேள்வி வேறு: மற்ற மருந்தோடு எது ஒத்துப்போகும்?

அதிகம் முரண்டு பிடிப்பது பினைடாயின், அதாவது எப்டாயின். ஓர் அளவுக்கு மேல் கல்லீரலால் அதைச் சிதைக்க முடியாது. அப்புறம் கொஞ்சம் கூட்டினாலே ரத்தத்தில் தாறுமாறாக ஏறி, கண் ஆடும், நடை தள்ளாடும். டிபி மாத்திரைகளில் ஐசோனியாசிட் அதை ஏற்றிவிடும், ரிஃபாம்பிசின் இறக்கிவிடும். நம்ம ஊர் ஈரத்துக்குப் படர்தாமரை சாதாரணம். அதற்குத் தரும் ஃபுளுகோனசோலும் பினைடாயினை ஏற்றும். இட்ராகோனசோல் என்றால் கதை தலைகீழ்: பினைடாயின் அதைத் தின்றுவிடும், படர்தாமரை அப்படியே இருக்கும்.

கார்பமாசெபின், கடையில் டெக்ரிட்டால், இதற்கு ஒன்றும் சளைத்ததில்லை. எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக் சேர்ந்தால் தலைசுற்றும், பார்ப்பது இரண்டிரண்டாகத் தெரியும். பினைடாயின், கார்பமாசெபின் இரண்டுமே கருத்தடை மாத்திரையின் வேலையைக் கெடுக்கும். ரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரினையும் விடாது.

இன்னொரு வலிப்பு மாத்திரையான வால்ப்ரோயேட் கருத்தடை மாத்திரையைத் தொடாது. ஆனால் கருவிலிருக்கும் குழந்தைக்கு வலிப்பு மாத்திரைகளில் அதிக ஆபத்து இதனால்தான். லாமோட்ரிஜின் என்ற வேறொரு வலிப்பு மாத்திரையோடு சேர்த்தால் ரத்தத்தில் லாமோட்ரிஜின் அளவு ஏறத்தாழ இரட்டிப்பாகும், தோலில் மோசமான தடிப்பு வரலாம். ஆஸ்பத்திரியில் மெரோபெனம் என்ற ஆன்டிபயாட்டிக் ஊசி போட்டால் வால்ப்ரோயேட் அளவு சட்டென்று விழும். அட்மிட் ஆகும்போதே சொல்லிவிட வேண்டும்.

லெவிடிராசிட்டாம் என்ற வலிப்பு மாத்திரை பெரும்பாலும் சிறுநீரகம் வழியாக வெளியேறுவதால் இந்தச் சண்டை எதிலும் அவ்வளவாக இல்லை. பிரஷர், சுகர், இதயம் என்று கை நிறைய மாத்திரை வைத்திருப்பவருக்கு என் ஓட்டு இதற்கே. குறை இல்லாமல் இல்லை. சிலருக்குக் கோபம் மூக்குமேல் வரும். சிறுநீரகம் பலவீனமானால் அளவைக் குறைக்க வேண்டும். ஓடுகிற மாத்திரையை நாமாக நிறுத்தி இதற்கு மாறுவதும் கூடாது, நிறுத்திய இடத்திலேயே வலிப்பு வரலாம்.

எந்த வலிப்பு மாத்திரை சாப்பிட்டாலும் வலிப்பைத் தூண்டக்கூடிய மருந்துகள் தனி. வலிக்குத் தரும் டிரமடால், வயிற்றுப்போக்குக்குக் கேட்டு வாங்கும் ஓஃப்ளாக்சசின் இரண்டும் அந்த ரகம்.

“அண்ணே, வயித்தால போவுது, ரெண்டு மாத்திரை தாங்க.”

“வேற மருந்து ஏதாவது சாப்பிடுதீங்களா?”

“ஒண்ணும் இல்லண்ணே.”

பையில் எப்டாயின் அட்டை இருக்கும். வருடக்கணக்கில் சாப்பிடுவதால் அது மருந்துக் கணக்கிலேயே வருவதில்லை. பெண் பார்க்கும் வீட்டில் மறைத்துப் பழகியதைக் கடையில் மட்டும் சொல்வார்களா என்ன! அதனால் இப்போதெல்லாம் “தினமும் போடுற மாத்திரை எது?” என்றே கேட்கிறேன்.

கஷாயத்துக்கும் இதே பேச்சுதான். சங்கபுஷ்பி மூலிகை சேர்ந்த ஆயுர்வேத மருந்து பினைடாயின் அளவைக் குறைத்ததாகப் பதிவு உண்டு. கோட்டாறு ஆயுர்வேதக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனாலும் மாத்திரை அட்டையை எடுத்துப் போய், சீட்டு எழுதுமுன் காட்டுங்கள்.