இளங்குதிரைத் தரைப்பயிற்சிக்கு முடிச்சு ஹால்டர்: ஒரு மதிப்புரை

இரண்டு வயதைக் கடந்த, மார்வாரி என்ற ராஜஸ்தான் இனத்துப் பெண்குதிரைக் குட்டி ஒன்றை, முதுகில் ஏறுவதற்கு முன் தரையில் நின்றபடியே பழக்குவதற்காக, முடிச்சுகள் போட்டுச் செய்த கயிற்று ஹால்டரையும் (வாயில் இரும்பு இல்லாமல் குதிரையின் தலையில் மாட்டும் தலைக்கயிறு) அதனுடன் வரும் 12 அடிப் பிடிகயிற்றையும் வாங்கிப் பயன்படுத்தி வருகிறேன். இதன் நிறைகளோடு, பட்டை நைலான் ஹால்டரை மட்டுமே பழகியவர்கள் இதை வாங்குமுன் அறிய வேண்டிய குறைகளும் ஆபத்துகளும் உண்டு.

ஹால்டர் முழுவதும் சுமார் 6 மி.மீ. தடிப்புள்ள பாலியஸ்டர் கயிற்றால் ஆனது. வளையமோ பக்கிளோ கிடையாது. அகலமான பட்டையில் அழுத்தம் பரவிவிடுவதால், குட்டி அதன்மேல் தன் எடையைச் சாய்த்து இழுக்கப் பழகிவிடுகிறது. மெல்லிய கயிற்றில் அழுத்தம் ஓரிடத்தில் தெளிவாக விழுவதால், பிடிகயிற்றின்மேல் விரல்களை மூடினாலே குட்டி கவனிக்கிறது. ஆனால் இளங்குதிரைக்குச் சரியான பதில் எது என்று புரிவது அழுத்தம் விலகும் நொடியில்தான். ஆகவே ஒரு ஹால்டர் எவ்வளவு உறுதியாகப் பிடிக்கிறது என்பதைவிட, எவ்வளவு விரைவாகத் தளர்கிறது என்பதையே நான் முதன்மையாகப் பார்க்கிறேன். அந்த வகையில் இது சிறந்த பொருள். பிடிகயிறு 14 மி.மீ. தடிப்பும் நல்ல கனமும் உடையது. கையைத் தாழ்த்தியவுடன் அதன் எடையால் தொய்ந்து, தாடைக்குக் கீழுள்ள முடிச்சு விடுபட்டுத் தொங்குகிறது. இலேசான பருத்திக் கயிற்றில் இந்தத் தெளிவு கிடைப்பதில்லை.

இதன் அருமை பின்பகுதியை விலக்கும் பயிற்சியில் நன்றாகத் தெரிகிறது. குட்டியின் இடப்புறத் தோள் அருகே நின்று, இடக்கையால் தலையைச் சற்றே என் பக்கம் திருப்பி, அதன் இடுப்பைப் பார்த்தபடி, வலக்கையில் உள்ள கயிற்று நுனியை இடுப்பை நோக்கி மெதுவாகச் சுழற்றுவேன். அருகிலுள்ள பின்னங்கால் மற்றக் காலுக்கு முன்னால் குறுக்கே செல்ல வேண்டும் என்பதே இலக்கு. எனினும் தொடக்கத்தில் எடை மாறினாலே கையைத் தளர்த்திவிட வேண்டும். உள்நோக்கி வளைந்து நுனிகள் தொட்டுக்கொள்ளும் மார்வாரிக் காதுகளில், என் பக்கத்துக் காது முதலில் என்னை நோக்கித் திரும்பும்; பிறகு கழுத்து தாழும்; அதன் பின்பே கால் நகரும். அந்தக் காது திரும்பும் கட்டத்திலேயே கயிறு ஒழுங்காகத் தளர்ந்தால், அடுத்த முறை கயிற்றைச் சுழற்ற வேண்டிய தேவையே வராமல், இடுப்பைப் பார்த்தாலே குட்டி விலகத் தொடங்குகிறது. இடப்புறம் கற்றதை வலப்புறத்தில் அது தானாகச் செய்யும் என எதிர்பார்க்கக் கூடாது. அங்கே முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

பின்னோக்கி நடக்க வைக்கும் பயிற்சியில்தான் இதன் முக்கியக் குறை வெளிப்பட்டது. கயிற்றைப் பக்கவாட்டில் அசைக்கும்போது, அதன் முனையிலுள்ள கனமான பித்தளைக் கொக்கி ஊசலாடித் தாடையில் இடிக்கிறது. மென்மையான குறிப்பு தர முயலும் நேரத்தில் இந்த இடி குட்டியின் தலையை உயர்த்திவிடுகிறது. கொக்கியை நீக்கிவிட்டுக் கயிற்றை நேரடியாக ஹால்டரில் கட்டியபின் இந்தச் சிக்கல் தீர்ந்தது. விற்பவரே கொக்கி இல்லாத வகையையும் தந்திருக்கலாம்.

இரண்டரை முதல் நாலரை வயது வரை குதிரைக்குப் பால்பற்கள் விழுந்து முன்பற்கள் புதிதாக முளைக்கும். வாய் உறுத்தலாக இருக்கும் இந்தக் காலத்தில் கடிவாள இரும்பு இல்லாமலே பெரும்பகுதிப் பாடங்களைச் சொல்லித்தர முடிவது பெரிய நன்மை. ஆனால் 12 அடிக் கயிற்றை வைத்துக் குட்டியைச் சிறு வட்டத்தில் ஓடவிடுவது, வளர்ந்துகொண்டிருக்கும் மூட்டுகளுக்குச் சுமை. நடையோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

ஒரு விஷயத்தில் சமரசம் கூடாது. இந்த ஹால்டரை மாட்டியபடி குதிரையை மேய்ச்சலுக்கு விடவோ, தூணில் கட்டிவிட்டு நகரவோ வேண்டாம். தோல் ஹால்டர் நெருக்கடியில் அறுந்துவிடும்; இந்தக் கயிறு அறுவதில்லை. எங்கேனும் சிக்கி மிரளும் குட்டி கழுத்தையே காயப்படுத்திக்கொள்ளும்.

மாட்டும்போது மூக்குக் கயிறு கன்ன எலும்பின் முனைக்கு இரண்டு விரல் கீழே இருக்க வேண்டும்; அதைவிடத் தாழ்ந்தால், மூக்கெலும்பு முடிந்து மென்மையாகும் பகுதியில் அழுத்தும். இறுதி முடிச்சைக் கண்ணிக்கு (ஹால்டரின் நுனியைக் கோத்துக் கட்டும் கயிற்று வளைவுக்கு) கீழே போட்டு, மிஞ்சும் நுனி கண்ணுக்கு எதிர்த் திசையில், பின்னோக்கி இருக்குமாறு விட வேண்டும். எனக்கு வந்த பொட்டலத்தில் இதை விளக்கும் படமோ குறிப்போ இல்லை. அளவும் பெயராக மட்டுமே தரப்பட்டிருந்தது. மார்வாரியின் முகம் நீண்டு ஒடுங்கியது என்பதால், பெரிய குதிரைக்கான அளவு தளர்ந்து, கன்ன முடிச்சு கண்ணை நோக்கி நகரும். எனவே மூக்கின் சுற்றளவையும், வாயோரத்திலிருந்து உச்சி வழியாக மறுபக்க வாயோரம் வரையுள்ள நீளத்தையும் அளந்து விற்பவரிடம் சொல்லியே வாங்குங்கள்.