ஷிராஸ் கவிதை டூர்: ஹாஃபிஸுக்காக போனேன், ஃபுல் மார்க் ஸாதிக்குதான்

ஹாஃபிஸ், ஸாதினு ரெண்டு பழைய பாரசீகக் கவிஞருங்க சமாதி இருக்கற ஊரு ஷிராஸ். ஈரான் போறவங்க அங்க இந்த ஒருநாள் கவிதை டூர் எடுக்கலாமானு கேட்டா, எடுங்க. கம்பெனி பேர் போடல, திட்டவும் போறேன்ல.

காலைல ஏரம் தோட்டம். 2011ல யுனெஸ்கோ லிஸ்ட்ல சேத்த 9 பாரசீகத் தோட்டத்துல இதுவும் ஒண்ணு. நெட்டநெட்டையா சைப்ரஸ், நடுவுல வாய்க்கால், அழகுதான், ஆனா செல்ஃபி கூட்டம் தாங்கல.

அடுத்து ஸாதி சமாதி, டூரோட உயிரே இங்கதான். படி இறங்கிப் போனா பூமிக்கு அடியில ஒரு குளம், கனாத் தண்ணி, அதாவது மலையடிவாரத்துல ஊத்து பிடிச்சு பம்ப் எதுவும் இல்லாம சரிவுலயே சுரங்கம் வழியா கொண்டு வர்ற தண்ணி, அதுல மீனுங்க, யாரும் பிடிக்கறதில்ல. 14ம் நூற்றாண்டுல வந்த பயணி இப்னு பதூதா, துணி துவைக்க ஸாதி இங்க பளிங்குத் தொட்டி கட்டியிருந்தாருனு எழுதியிருக்காராம். ஞானினா தண்ணிய பாத்து உருகுறதோட நிக்காம ஊரு புழங்கறதுக்கும் வழி பண்ணியிருக்காரே, எனக்கு அது ரொம்ப புடிச்சுது.

கைடு செம. குளத்துப் பக்கம் உக்கார வச்சு 1257ல ஸாதி எழுதின பூஸ்தான்ங்கற கவிதை நூல்ல வர்ற எறும்புக் கதைய சொன்னாரு: ஷிப்லினு ஒரு சூஃபி கோதுமை மூட்டை வாங்கி ஊருக்கு தூக்கிட்டு வந்து பாத்தா உள்ள ஒரு எறும்பு திக்குத் தெரியாம ஓடுது, மனுசனுக்கு ராத்திரி தூக்கமே வரல, திரும்ப அதோட இடத்துலயே கொண்டு விட்டாராம். தானியம் இழுக்குற எறும்ப வதைக்காதே, அதுக்கும் உசுரு இருக்குனு ஸாதிக்கு முன்னாடியே கவிஞர் ஃபிர்தௌசி சொன்னதயும் அவரு அங்கயே எடுத்துப் போடறாரு. அப்புறம் நம்ம காலத்து கவிஞர் சொஹ்ராப் செபெஹ்ரி, காஷான்காரரு, தண்ணிய கலக்காதீங்க கீழ ஒரு புறா குடிச்சிட்டு இருக்கலாம்னு பாடினவரு. கைடு அத பாரசீகத்துல சொல்லும்போது பக்கத்துல நின்ன உள்ளூர் பாட்டியும் கூட சேந்து சொன்னாங்க!

இவ்ளோ கவிதை இருந்தும் இஸ்ஃபஹான் ஊர்ல ஸாயந்தே ரூத் ஆறு ஏன் காஞ்சு கெடக்குனு கேட்டேன். மழுப்பல. ஆத்துத் தண்ணிய மேலயே எடுத்துடறாங்க, மோட்டார் போட்ட ஆழ்கிணறு வந்ததும் நிலத்தடி நீர் எறங்கி கனாத்துங்களும் சாகுதுன்னாரு. டூர் பசங்க இப்படி பேசி நான் பாத்ததில்ல.

இப்ப திட்டு. அந்த புறா கவிதைய கேட்டுட்டு வேன்ல ஏறினா ஆளுக்கொரு பிளாஸ்டிக் பாட்டில், ஒரு கேன் வச்சா என்னவாம்? சாயங்காலம் ஹாஃபிஸ் சமாதில அவசர அவசரமா ஓட்டிட்டாங்க, தூணையும் குவிமாடத்தையும் அண்ணாந்து பாக்கறதுக்குள்ள கிளம்புன்னுட்டாங்க. வாசல்ல குருவிய வச்சு கவிதைச் சீட்டு எடுக்க வைக்குறவங்ககிட்ட கூட்டிப் போறாங்க, கூண்டுப் பறவைய காட்டிட்டு இயற்கைனு பேசறது எனக்கு ஒத்து வரல, நான் எடுக்கல.

5க்கு மூணரை. ஏப்ரல் வாக்குல போங்க, நாரத்தம்பூ வாசம் ஊரெல்லாம் இருக்கும். தண்ணி பாட்டில் நீங்களே கொண்டு போயிடுங்க, ஹாஃபிஸ் சமாதிக்கு ராத்திரி தனியா இன்னொரு தடவ போயிக்கோங்க, இந்த டூர்ல அத நம்பாதீங்க.