வாட்ச் ஸ்டீல் செயினை வீட்டிலேயே அளவு குறைப்பது: பல வருஷ அனுபவம்

புது வாட்ச்சோடு வரும் ஸ்டீல் செயின் பெரிய கைக்கும் போதும்படி நீளமாகத்தான் இருக்கும், கண்ணி எடுத்தால்தான் நம் மணிக்கட்டில் நிற்கும். இந்த வேலையைப் பல வருஷமாக வீட்டிலேயே செய்துவருகிறேன். என்னுடையது, வீட்டில் உள்ளவர்களுடையது, ஆபீஸ் நண்பர்கள் கொண்டுவந்து கொடுப்பது என்று டைட்டன், சீக்கோ, கேஸியோ எல்லாம் கைக்கு வந்திருக்கின்றன. யாராவது கேட்டால் தயங்காமல் சொல்வேன், வீட்டிலேயே செய்யுங்கள். காசு மிச்சம் என்பதற்காக இல்லை, கடையில் இதற்கு வாங்குவது சின்னத் தொகைதான். ஆனால் கடையில் கவுண்டருக்கு முன்னால் நின்று ஒரு தடவை மாட்டிப் பார்ப்பதிலேயே அளவு முடிவாகிவிடுகிறது, அந்த அளவு மே மாத மத்தியானத்துக்கும் மார்கழிக் காலைக்கும் ஒத்துவராது. வெயிலில் கை உப்பும், ஏசி அறையில் சுருங்கும், உடம்பு வருஷா வருஷம் மாறும். கருவி வீட்டில் இருந்தால் நினைத்த நேரத்தில் திருத்திக்கொள்ளலாம். எனக்கு இதில் கிடைத்த பெரிய லாபம் அதுதான்.

முதலில் செயினைத் திருப்பி உட்பக்கம் பாருங்கள். சில கண்ணிகளில் மட்டும் சின்ன அம்புக்குறி குத்தியிருக்கும், எடுக்கக்கூடிய கண்ணிகள் அவைதான். அம்பு இருந்தால் உள்ளே இருப்பது தள்ளி எடுக்கிற பின், அதாவது கண்ணிகளைக் கோத்து வைக்கிற மெல்லிய கம்பி. ஓரத்தில் பார்த்தால் பின்னின் முனையில் ஒரு கோடு தெரியும், அதை ஸ்க்ரூ என்று நினைத்துத் திருக வேண்டாம், அது பின்னின் பிளவு. ஒரு முனையில் இரண்டாகப் பிளந்து லேசாக விரிந்திருக்கும் அந்தப் பின், ஓட்டைக்குள் போனதும் விரிய முயன்று அழுத்திப் பிடித்துக்கொள்ளும். செயின் கழன்று விழாமல் இருப்பதே அந்தச் சின்ன அழுத்தத்தால்தான்.

அம்பு காட்டும் பக்கமாகத் தள்ளினால் பிளவுள்ள முனை முதலில் வெளியே வரும். திரும்பப் போடும்போது அப்படியே எதிர்மாறு: அம்பின் தலை இருக்கும் பக்கத்திலிருந்து, பிளவில்லாத முனையை முதலில் விட்டு, பிளவுள்ள முனை கடைசியாக உள்ளே போக வேண்டும். இந்தத் திசை விஷயத்தை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். மாற்றிப் போட்டாலும் முதல் நாள் வித்தியாசமே தெரியாது, செயின் ஒழுங்காகத்தான் இருக்கும். கொஞ்ச நாள் போனதும் பின் ஓரத்தில் எட்டிப்பார்க்கும், சட்டைக் கையில் நூல் மாட்டும், ஒருநாள் வண்டி ஓட்டும்போது வாட்ச்சே கழன்றுவிடும். எனக்கு இது நடந்தது கடையில் குறைத்துக்கொண்டு வந்த வாட்ச்சில். வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தால் இரண்டு பின்கள் தலைகீழாக இருந்தன. அன்றைக்கு ஆரம்பித்ததுதான் இந்தப் பழக்கம்.

கருவி என்று பெரிதாக ஒன்றும் தேவையில்லை. ஆன்லைனில் லிங்க் ரிமூவர் என்று பிளாஸ்டிக்கில் ஒன்று விற்கிறார்கள், ஒரு பக்கம் திருகு இருக்கும், திருகத் திருக நுனியில் உள்ள ஊசி பின்னைத் தள்ளும். நான் முதலில் வாங்கியது இதுதான். டைட்டன் செயின்களுக்கு நன்றாகவே உழைத்தது, ஆனால் அதன் ஊசி மெல்லியது, இறுக்கமான பின் வந்தால் வளைந்துவிடும். அப்புறம் நான் மாறியது பழைய முறைக்கு: செயினைப் பக்கவாட்டில் நிற்கவைக்கிற பள்ளமுள்ள பிளாஸ்டிக் தாங்கி, ஸ்டீல் தள்ளூசி, சின்னச் சுத்தியல். தள்ளூசி பின்னைவிடக் கொஞ்சம் மெல்லியதாக இருக்க வேண்டும். 0.7, 0.8, 0.9, 1 மில்லிமீட்டர் என்று தனித்தனி அளவில் கிடைக்கின்றன, என்னிடம் அதிகம் வேலை செய்வது 0.8. இத்தனை வருஷத்தில் ஊசி நுனிகள் மட்டும் மாற்றியிருக்கிறேன், தாங்கியும் சுத்தியலும் அப்படியே இருக்கின்றன. புதிதாக வாங்குபவர்களுக்கு நான் சொல்வது, பிளாஸ்டிக் ரிமூவரைத் தாண்டி நேராக இதற்கே போய்விடுங்கள். சுத்தியலை ஓங்கி அடிக்கக் கூடாது. டொக் டொக்கென்று லேசாகத் தட்டிக்கொண்டே வந்தால் பின் அசைகிற நொடியில் சத்தமே மாறும், அதற்கு மேல் கையாலேயே தள்ளிவிடலாம், பாதி வெளியே வந்ததும் குறடால் பிடித்து இழுத்துக்கொள்ளலாம். கண்ணியின் ஓரத்தில் பெயின்டர்கள் ஒட்டுகிற காகித டேப்பை ஒட்டிவிட்டு வேலை செய்யுங்கள், ஊசி வழுக்கினாலும் பாலிஷில் கீறல் விழாது.

எத்தனை கண்ணி எடுப்பது என்பதில் அவசரமே வேண்டாம். இரண்டு பக்கமும் சமமாக எடுத்தால் லாக் கையின் அடியில் நடுவாக வரும். ஒற்றைப்படையில் எடுக்க வேண்டி வந்தால் கூடுதல் கண்ணியை ஆறு மணிப் பக்கத்தில் எடுப்பேன். அந்தப் பக்கம் குட்டையாக இருந்தால்தான் வாட்ச் மணிக்கட்டின் மேல் நேராக உட்காருகிறது, இல்லாவிட்டால் வெளிப்பக்கம் சரிந்துகொண்டே இருக்கும். அளவு பார்ப்பது எப்போதும் சாயங்காலம்தான், நடந்துவிட்டு வந்த பிறகு, கை கொஞ்சம் உப்பியிருக்கும் நேரத்தில். லாக்குக்கும் கைக்கும் இடையே சுண்டுவிரல் நுழைந்தால் சரி. ஆள்காட்டி விரல் தாராளமாகப் போய்வந்தால் லூஸ்.

கண்ணியைவிட எனக்கு அதிகம் உதவியது லாக்கின் பக்கவாட்டில் இருக்கும் சின்ன ஓட்டைகள். நிறையப் பேர் வருஷக்கணக்கில் வாட்ச் கட்டிக்கொண்டே அவை எதற்கென்று தெரியாமல் இருக்கிறார்கள். செயினும் லாக்கும் சேரும் இடத்தில் ஒரு ஸ்பிரிங் பார் இருக்கும், அதன் நுனியை ஓட்டை வழியாக ஊசியால் அழுத்தி அடுத்த ஓட்டைக்கு நகர்த்தினால் இரண்டு மூன்று மில்லிமீட்டர் கூடும் அல்லது குறையும். ஒரு கண்ணி எடுத்தால் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டரே போய்விடும். எடுத்தால் இறுக்கம், விட்டால் லூஸ் என்று தவிக்கிற எல்லோருக்கும் விடை இந்த ஓட்டைகளில் இருக்கிறது. கண்ணி எடுக்கும்போதே லாக்கை நடு ஓட்டையில் வைத்து அளவு பாருங்கள், கோடைக்கு ஒரு ஓட்டை வெளியே, குளிருக்கு ஒரு ஓட்டை உள்ளே என்று நகர இடமிருக்கும். இரண்டு பக்கமும் இறக்கைபோல மடிகிற பட்டர்ஃபிளை லாக் பெரும்பாலும் இந்த ஓட்டைகள் இல்லாமல்தான் வருகிறது, பார்க்க அழகு, ஆனால் நம்ம ஊர் வெயிலில் தினமும் கட்டுவதற்கு நான் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

எல்லாச் செயினும் பிளவுப் பின் இல்லை. சீக்கோ, சிட்டிசன் வாட்ச்கள் பலவற்றில் பின்னும் காலரும் வரும். என்னிடம் உள்ள சீக்கோ எஸ்கேஎக்ஸ் டைவர் வாட்ச் அப்படித்தான். பின் வழவழப்பாக இருக்கும், அதைப் பிடித்து நிறுத்துவது கண்ணிக்குள் உட்காரும் குட்டிக் குழாய் ஒன்று. கடுகு அளவுதான். பின்னைத் தள்ளியதும் சத்தமில்லாமல் கீழே விழுந்துவிடும், விழுந்தது தெரியாமல் மறுபடி பின்னைப் போட்டால் பின் எந்தப் பிடியும் இல்லாமல் சும்மா சரிந்துகொண்டிருக்கும். அதனால் இந்த வேலையை விளிம்புள்ள தட்டில் வெள்ளைத் துண்டு விரித்து அதன் மேல்தான் செய்கிறேன், மின்விசிறியை அணைத்துவிட்டு. சில செயின்களில் காலர் ஓரத்தில் இருக்கும், சிலவற்றில் நடுக்கண்ணியில். எடுக்கும்போது எங்கே இருந்தது என்று போனில் ஒரு படம் எடுத்துவைத்துக்கொண்டால் நிம்மதி. சேர்க்கும்போது முதலில் காலர் அதன் இடத்தில் உட்கார வேண்டும், அப்புறம் பின். பின் காலருக்குள் ஏறும்போது நல்ல எதிர்ப்பு தெரியும், தட்டித்தான் ஏற்ற வேண்டும். எதிர்ப்பே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனால் காலர் இல்லை என்று அர்த்தம், அங்கேயே நிறுத்தித் தேடுங்கள். கஷ்டமான முறைதான், ஆனால் ஒழுங்காகப் போட்டுவிட்டால் நான் பார்த்தவற்றில் அசையாமல் நின்றது இதுதான்.

கேஸியோ ஏ158 மாதிரி வாட்ச்களில் கண்ணியே எடுக்க வேண்டாம். லாக்கின் அடியில் ஒரு தகடு மூடி இருக்கும், தட்டை ஸ்க்ரூ டிரைவரால் அதை நெம்பி, லாக்கைத் தேவையான இடத்துக்கு நகர்த்தி, மூடியை அழுத்திவிட்டால் முடிந்தது. விலை குறைந்த வாட்ச்சில் இவ்வளவு நல்ல ஏற்பாடு. கை முடியைப் பிடித்து இழுப்பது மட்டும்தான் அதில் குறை.

ஸ்க்ரூ வைத்த செயின் கொஞ்சம் விலை கூடிய வாட்ச்களில் வரும். சரியான அகலமுள்ள, நல்ல ஸ்டீல் நுனி கொண்ட டிரைவர் இல்லாமல் தொடவே வேண்டாம், ஸ்க்ரூ தலை நைந்துவிட்டால் அப்புறம் கடைக்காரரும் திணறுவார். திரும்ப மாட்டும்போது பழைய பசையைத் துடைத்துவிட்டு, ஸ்க்ரூ தளராமல் பிடிக்கிற லாக்டைட் 222 அல்லது 243 பசையை ஊசி நுனியால் ஒரு பொட்டு வைத்தால் போதும். சிவப்பு நிறப் பசை பக்கமே போகக் கூடாது, அதைச் சூடுபடுத்தினால்தான் கழற்ற முடியும்.

நாள்பட்ட உழைப்பு எப்படி என்றால், செயினில் முதலில் தேய்வது கண்ணி இல்லை, லாக்கில் உள்ள ஸ்பிரிங் பார். வியர்வை படுவது அங்கேதான், துருவின் பழுப்பு முதலில் தெரிவதும் அங்கேதான். விலை மிகக் குறைவு என்பதால் தொய்வு தெரிந்ததுமே மாற்றிவிடுவேன். பிளவுப் பின்களும் எடுத்துப் போட எடுத்துப் போட விரிப்பை இழக்கின்றன. கையாலேயே தள்ளி முழுதாக உள்ளே போகிற பின்னை நம்பாதீர்கள், கடைசி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தட்டித்தான் ஏற வேண்டும். பல நீளங்களில் கலந்த பின் டப்பா ஒன்று வாங்கிவைத்தால் இந்தக் கவலை போய்விடும். அடுத்த எதிரி அழுக்கு. வியர்வையும் தூசியும் சோப்பும் கண்ணிகளுக்குள் கருப்பு மையாக இறுகி, கை ஆட ஆட உலோகத்தை உள்ளிருந்து அரைக்கும், பழைய செயின்கள் தொளதொளவென்று தொங்குவதற்கு இதுதான் காரணம். செயினைத் தனியாகக் கழற்றி, வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு, பழைய மெல்லிய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் தண்ணீர் கருத்துவிடும். தினமும் கட்டுகிற வாட்ச்சுக்கு மாதம் ஒருமுறை இதைச் செய்கிறேன்.

எடுத்த கண்ணிகளைப் பத்திரப்படுத்துங்கள் என்பதைக் கெஞ்சியே கேட்கிறேன். டைட்டன், டாடாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-ல் தொடங்கிய கம்பெனி, ஆலை ஓசூரில், அதனால்தானோ என்னவோ எங்கள் பக்கம் கல்யாணம் என்றால் மாப்பிள்ளை கையில் பெரும்பாலும் டைட்டன்தான். கல்யாணத்தன்று மாப்பிள்ளை ஒல்லி, கண்ணிகளைக் கழற்றிக் கட்டிவிடுவார்கள். என் மச்சான் போன வருஷம் தன் கல்யாண வாட்ச்சைக் கொண்டுவந்து, "மாமா, இது இப்போ கையை வெட்டுது, ரெண்டு கண்ணி சேர்த்துத் தாங்க" என்று நீட்டினார். மணிக்கட்டில் லாக்கின் தடம் சிவப்பாகப் பதிந்திருந்தது. எடுத்த கண்ணிகள் எங்கே என்று கேட்டால், கடையில் அப்போது தரவே இல்லையாம். அதே மாடலின் கண்ணியைத் தேடிப் பிடிப்பதற்குள் நாங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை, பழைய மாடலாக இருந்தால் அகலமும் பாலிஷும் ஒத்துப்போகிற கண்ணி லேசில் கிடைக்காது. கடையில் குறைத்தாலும் கண்ணியையும் பின்னையும் கேட்டு வாங்குங்கள், அவை நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பொருள். என் வீட்டில் ஒவ்வொரு வாட்ச்சுக்கும் ஒரு ஜிப் கவர், உள்ளே கண்ணி, பின், காலர், மேலே மாடல் நம்பர். வாட்ச்சை விற்க நினைத்தாலும் வாங்குகிறவர் முதலில் கேட்பது முழுக் கண்ணியும் இருக்கிறதா என்றுதான்.

நான் கடைக்கே அனுப்புவது இரண்டு வகைதான். ஒன்று, அப்பாவின் எச்எம்டியில் இருப்பது போன்ற இழுத்தால் விரிகிற ஸ்பிரிங் செயின், அதன் தகட்டுக் காதுகளைப் பிரித்து மடிப்பது தனிக் கைவேலை, ஒருமுறை முறிந்தால் ஒட்டாது. இன்னொன்று, துருப்பிடித்து இறுகிப்போன பின். எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறவைத்தும் அசையாவிட்டால் பலம் காட்டாமல் அனுபவமுள்ள வாட்ச் ரிப்பேர்க்காரரிடம் கொடுத்துவிடுங்கள், தள்ளூசி உள்ளேயே உடைந்து நின்றால் அந்தக் கண்ணியும் சேர்ந்து போகும்.