பாரிஸா, கேம்பிரிட்ஜா? கோதிக் சிற்றாலயத்தில் பரோக் வழிபாட்டு இசை

பரோக் காலத்து (சுமார் 1600 முதல் 1750 வரையிலான ஐரோப்பிய) வழிபாட்டு இசையை, கோதிக் என்ற இடைக்கால ஐரோப்பியப் பாணியில் கட்டிய பழைய சிற்றாலயம் ஒன்றில் கேட்க ஆசைப்படுகிறவர்களுக்கு நான் சொல்லும் இடங்கள் இரண்டு: பாரிஸின் சாந்த் ஷாப்பெல், கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரிச் சிற்றாலயம்.

கண்ணுக்கு என்றால் பாரிஸ்தான், பேச்சே இல்லை. ஒன்பதாம் லூயி மன்னர் இயேசுவின் முள்முடியை வைப்பதற்காகக் கட்டிய ஆலயம், 1248இல் அர்ச்சிக்கப்பட்டது. கச்சேரி நடக்கும் மேல்தளத்தில் சுவர் இருப்பதே தெரியாது. சுமார் 15 மீட்டர் உயரத்துக்கு வண்ணக் கண்ணாடிதான். ஆனால் இருட்டிவிட்டால் அத்தனையும் கறுத்துப்போகும். அதனால் கோடையில், வெளிச்சம் இருக்கும்போதே தொடங்கும் கச்சேரிக்கு டிக்கெட் எடுங்கள்.

எனக்குள்ள வருத்தம் நிகழ்ச்சி நிரலைப் பற்றியது. விவால்டியின் ‘நான்கு பருவங்கள்’ என்ற வயலின் இசை திரும்பத் திரும்ப வருகிறது. அருமையான இசை, சரி. ஆனால் அது வழிபாட்டு இசை இல்லையே. இத்தனைக்கும் பிரெஞ்சு பரோக் இசையமைப்பாளர் மார்க்-அந்துவான் ஷார்பான்தியே 1698 முதல் 1704இல் இறக்கும் வரை இதே ஆலயத்தில் இசைப் பொறுப்பாளராக இருந்தவர். ‘அசும்ப்தா எஸ்த் மரியா’ என்ற திருப்பலி இசையை அந்த ஆண்டுகளில்தான் எழுதினார். நிரலில் அவர் பெயர் இருந்தால் வேறெதுவும் யோசிக்க வேண்டாம், பாரிஸுக்கே போங்கள்.

மற்றபடி என் ஓட்டு கேம்பிரிட்ஜுக்கு. அங்கே கேட்கப்போவது கச்சேரி இல்லை, மாலை ஆராதனை. கல்லூரித் தவணைக் காலத்தில் வாரத்தின் பெரும்பாலான நாட்களில் நடக்கும். கட்டணம் கிடையாது, கைதட்டலும் கிடையாது. ஜெபத்துக்கும் வேத வாசிப்புக்கும் நடுவே பாட்டு வரும்போது, அது எதற்காக எழுதப்பட்டதோ அந்த வேலையைச் செய்கிறது.

கட்டடமும் கூடவே பாடுகிறது. சுமார் 88 மீட்டர் நீளம், மேலே 1515இல் முடிந்த விசிறி வடிவக் கல் விதானம். ஒலி சட்டென்று அடங்காது. ஒரே மெட்டைக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக்கொள்ளும் வேகமான ஃபியூக் என்றால் சுரங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழம்பிவிடும். அந்த மாதிரி இசைக்குச் சிறிய பாரிஸ் ஆலயமே தேவலை. ஆனால் ஆங்கில பரோக் இசையமைப்பாளர் பர்செல், பைபிளின் 102ஆம் சங்கீதத்தின் முதல் வசனத்துக்கு அமைத்த கீதத்தை இங்கே கேட்க வேண்டும். இரண்டே சுரங்களில் மெல்லத் தொடங்கும். ஒவ்வொரு குரலாகச் சேர்ந்து, முடியும் தறுவாயில் எட்டுக் குரல்களும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நிற்கும். முந்தைய சுரம் விதானத்தில் அடங்கும் முன்பே அடுத்தது வந்து மோதுவதால் அந்த உரசல் இன்னும் கூர்மையாகிறது. இரண்டரை நிமிடம்தான், உடம்பு சிலிர்த்துப்போகும்.

ஒரு சிக்கல்: அங்கே எல்லா நாளும் பரோக் பாட மாட்டார்கள். பாடற்பட்டியலை முன்கூட்டியே வெளியிடுகிறார்கள். பர்செல், அவர் காலத்து இசையமைப்பாளர் ஜான் ப்ளோ பெயர்கள் உள்ள நாளாகப் பார்த்துப் போங்கள். அப்புறம், கொஞ்சம் சீக்கிரமே வரிசையில் நின்றால் ஆலயத்தை இரண்டாகப் பிரிக்கும் மரத் தடுப்புக்கு உள்ளே, பாடகர்களுக்கு அருகிலேயே இடம் கிடைக்கக்கூடும்.