டீசல் கார் ரீமேப் பண்ணப் போறீங்களா? ஒரு மாசச் சம்பளத்தை அழுதுட்டு எழுதறேன், படிச்சுட்டுப் போங்க

செம கடுப்புல டைப் பண்றேன், எழுத்துப்பிழை இருந்தா கண்டுக்காதீங்க. டீசல் காருக்கு ஈசியூ ரீமேப் (எஞ்சினைக் கட்டுப்படுத்தற கம்ப்யூட்டர்தான் ஈசியூ, அதோட சாஃப்ட்வேரை மாத்தி பவர் ஏத்தறது ரீமேப்) பண்ணித் தரேன்னு ஒருத்தன் என்கிட்ட முழுசா ஒரு மாசச் சம்பளத்தை வாங்கிட்டு, நல்லா ஓடிட்டு இருந்த வண்டியைக் கெடுத்துக் குடுத்துட்டுப் போயிருக்கான். பேர் போடல, போட்டும் பிரயோஜனம் இல்ல, நாளைக்கே வேற பேர்ல வருவான். கடை கண்ணி எதுவும் கிடையாது, சோசியல் மீடியால ஒரு பக்கம், நிறைய வீடியோ, லேப்டாப்பும் கேபிளும் எடுத்துக்கிட்டு நம்ம வண்டி நிக்கிற இடத்துக்கே வந்து செஞ்சு தர்ற டைப். என்னென்ன பாத்துக்கணும்னு கடைசில விவரமா போடறேன், முதல்ல நடந்ததைச் சொல்லிடறேன்.

ரீமேப்பே டுபாக்கூர்னு நான் சொல்ல வரல. டர்போ டீசல்ல கம்பெனிக்காரன் கொஞ்சம் பவரை அடக்கித்தான் வச்சிருப்பான், சில மாடல்ல ஒரே எஞ்சினை ரெண்டு விதமான பவர்ல விக்கிறாங்க, நடுவுல பெரிய வித்தியாசமே சாஃப்ட்வேர்தான். ஸ்டேஜ் 1னு சொல்றதுல நட்டு போல்ட்டு எதையும் தொடாம, ஒழுங்கா செஞ்சா 20லேர்ந்து 30 சதவீதம் வரைக்கும் டார்க், அதாவது எஞ்சினோட இழுவை, ஏறும், டர்போ இல்லாத பெட்ரோல் வண்டில இந்த அளவுக்கு வராது. ஹைவேல லாரியை ஓவர்டேக் பண்ணும்போது இன்னும் கொஞ்சம் இழுத்தா நல்லாருக்கும்னுதான் ஆசைப்பட்டேன். அவ்வளவுதான், ரேஸ் ஓட்டவா போறேன்.

ஆளு வந்தான். மரியாதையான பையன், வார்த்தைக்கு வார்த்தை அண்ணே. பானெட்டைத் திறந்து டர்போ ஹோஸ் எல்லாம் தொட்டுப் பாத்தான், கிளட்ச் எப்ப மாத்தினதுன்னு கேட்டான், ஸ்டியரிங்குக்குக் கீழ ஓபிடி போர்ட்ல (மெக்கானிக் ஸ்கேனர் மாட்டற இடம்) கேபிளை மாட்டி லேப்டாப்பை என் பக்கம் திருப்பி வச்சுக் காட்டினான். கலர் கலரா 3டி கிராஃப். "இது டார்க் லிமிட்டர்ணே, இது பூஸ்ட் மேப், டர்போ தள்ற காத்துக்கு, இது ரயில் பிரஷர், இன்ஜெக்டருக்குப் போற டீசலோட அழுத்தம், இதோ இதுதான் ஸ்மோக் லிமிட்டர். இதை மட்டும் நான் தொடவே மாட்டேன், சில பேர் இதை ஏத்தி விட்டுடுவானுங்க, காத்து பத்தாம டீசல் மட்டும் ஜாஸ்தியா போய் கரும்புகை தள்ளும், எக்ஸாஸ்ட் சூடு 800 டிகிரியைத் தாண்டும், அப்புறம் டர்போவுக்கு சங்குதான்." இதைக் கேட்டப்பதான் எனக்கு இவன் விஷயம் தெரிஞ்சவன்னு முழு நம்பிக்கை வந்துச்சு, ஏன்னா அவன் சொன்னதுல ஒரு வார்த்தை தப்பில்ல. டீசல்ல உண்மையாவே அப்படித்தான், பெட்ரோல்ல எரிபொருளைக் கூட்டினா சூடு குறையும், டீசல்ல கூட்டினா ஏறும். பாடம் கரெக்டா எடுத்தான், செஞ்சது அதுக்கு நேர் எதிர். அது எனக்கு ரொம்ப அப்புறம்தான் தெரிஞ்சுது.

அடுத்து ஒரு டயலாக் விட்டான் பாருங்க. "உங்க ஒரிஜினல் ஃபைலை முழுசா ரீட் பண்ணி என்கிட்ட பத்திரமா வச்சுக்குவேன்ணே, பிடிக்கலைன்னா எப்ப வேணா சொல்லுங்க, கம்பெனி ஸ்டாக் ஃபைலையே திரும்பப் போட்டுத் தரேன், பணமும் வாபஸ்." ஸ்க்ரீன்ல ரீடிங்னு பச்சை பார் ஓடுச்சு, நானும் ஓடுறதைப் பாத்துக்கிட்டே நின்னேன். பாதி பணம் முன்னாடி, மீதி ஓட்டிப் பாத்துட்டுன்னுதான் பேச்சு. பார் முடிஞ்சதும் "சர்வர்ல ஃபைலுக்கு நான் பணம் கட்டணும்ணே, இல்லன்னா டவுன்லோடு ஆகாது"ன்னு நெளிஞ்சுக்கிட்டே முழுசா வாங்கிட்டான். முழு ஒரு மாசச் சம்பளம், பில் கிடையாது, "மெசேஜ்ல அனுப்பிடறேன்ணே". ரைட் பண்ணும்போது, அதாவது புது ஃபைலை ஈசியூல ஏத்தும்போது, பேட்டரிக்கு சார்ஜர் எதுவும் மாட்டல, கேட்டதுக்கு "பேட்டரி கல்லு மாதிரி இருக்குண்ணே"ன்னான். பாதி ரைட்ல வோல்டேஜ் இறங்கியிருந்தா ஈசியூவே செத்துருக்கும், அது என்னவோ தப்பிச்சுது.

டெஸ்ட் டிரைவ் போனோம். ஆக்சிலேட்டரை லேசா தொட்டாலே வண்டி பாயுது. நிஜமா சொல்றேன், சின்னப்பிள்ளை மாதிரி சிரிச்சேன், அவனுக்கு கை குடுத்தேன். டைனோ (வண்டியோட பவரை அளக்கற மெஷின்) எங்கன்னு கேட்டதுக்கு "ரோட்லயே லாக் எடுத்துட்டேன், கிராஃப் அனுப்பறேன்"னான். அனுப்பினான். முன்ன பின்னன்னு ரெண்டு கோடு போட்ட அழகான கிராஃப், கீழ ஆர்பிஎம் 6500 வரைக்கும் போகுது. என் டீசல் எஞ்சின் 5000ஐக்கூட தொடாதுங்க! எவனோ ஒருத்தனோட பெட்ரோல் கார் கிராஃப்ல என் மாடல் பேரை ஒட்டி அனுப்பியிருக்கான். கேட்டா "அது சாஃப்ட்வேர் டெம்ப்ளேட், ஸ்கேல் அப்படித்தான் வரும்".

அப்புறம் ஆரம்பிச்சுது வினை. ஃபேமிலி, லக்கேஜ் எல்லாம் ஏத்திக்கிட்டு மலை ரோட்ல ஏறும்போது பின்னாடி வந்த வண்டியே தெரியாத அளவுக்கு கரும்புகை. மேலே போகப்போக பவர் சுத்தமா அவுட், 3000 ஆர்பிஎம்முக்கு மேல ஏறவே மாட்டேங்குது, ஓரமா நிறுத்தி ஆஃப் பண்ணி ஆன் பண்ணா திரும்ப ஓடுது, அடுத்த ஏத்தத்துல திரும்ப அதே கதை. இத்தனைக்கும் டாஷ்போர்டுல ஒரு லைட் எரியல. ஸ்கேனர் போட்டாலும் எரர் கோட் எதுவும் இல்ல. லைட் எரியலையே, அப்ப பெருசா எதுவும் இருக்காதுன்னு வீட்ல எல்லாரையும் சமாதானப்படுத்திக்கிட்டே ஓட்டினேன். டிபிஎஃப் ரீஜெனரேஷன் (எக்ஸாஸ்ட்ல கரியைப் பிடிக்கிற ஃபில்டர், அந்தக் கரியை எரிச்சு சுத்தம் பண்றது) அடிக்கடி ஓடுது, ஆயில் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாத்தா லெவல் ஏறியிருக்கு, டீசல் வாடை வேற. புகைக்கரியை எரிக்கிறதுக்காக எஞ்சின் திரும்பத் திரும்ப எக்ஸ்ட்ரா டீசலை அடிக்க, அதுல கொஞ்சம் சிலிண்டர் சுவர் வழியா ஆயில்ல இறங்குது. போதாக்குறைக்கு அஞ்சாவது கியர்ல மிதிச்சா ஆர்பிஎம் மட்டும் ஏறுது, வேகம் ஏறல. கிளட்ச் ஸ்லிப்.

அவனுக்கு மெசேஜ் போட்டேன். "எஞ்சின் புது மேப்பைக் கத்துக்கிட்டு இருக்குண்ணே, கொஞ்ச நாள் ஓட்டுங்க, செட் ஆயிடும்." சரின்னு ஓட்டினேன். திரும்பக் கேட்டா டீசல் சரியில்லையாம், பங்க் மாத்திப் பாக்கணுமாம். மாத்தினேன். அப்புறம் ஏர் ஃபில்டர். அதுவும் மாத்தினேன், என் காசுல. அப்புறம் "உங்க டர்போ ஏற்கனவே வீக் சார், நான் அன்னைக்கே சொன்னேனே." எப்பய்யா சொன்ன? அண்ணே எப்ப சார் ஆனேன்னு அப்பதான் கவனிச்சேன். கிளட்சுக்கு ஒரே வரி, "அது தேய்ற பார்ட் சார், அதுக்கு நாங்க பொறுப்பாக முடியாது." சரிப்பா, எதுவும் வேணாம், ஸ்டாக் ஃபைலைப் போட்டு என் பணத்தைக் குடுன்னேன். வெளியூர்ல இருக்கேன்னான். அடுத்த தடவை லேப்டாப் சர்வீஸ்ல இருக்கு. கடைசில எல்லாத்தையும் மிஞ்சற மாதிரி ஒண்ணு சொன்னான் பாருங்க, "ஸ்டாக் போடறதுக்குத் தனி சார்ஜ்". ஒரு மாசச் சம்பளத்தை முழுங்கினவனுக்கு தனி சார்ஜ் வேணுமாம். அவன் பக்கத்துல போய் கமெண்ட்ல கேட்டேன், கமெண்ட் டெலிட், நான் ப்ளாக். ஃபோன் ரிங் போய்க்கிட்டே இருக்கும், எடுக்க மாட்டான். வேற நம்பர்லேர்ந்து அடிச்சா முதல் ரிங்லயே எடுத்து "சொல்லுங்கண்ணே"ங்கறான், குரலைக் கேட்டதும் கட்.

ஆதரைஸ்டு சர்வீஸ்ல கொண்டு போய் விட்டா, அவங்க சிஸ்டத்துல மாட்டின கொஞ்ச நேரத்துலயே சொல்லிட்டாங்க, ஈசியூல இருக்கற சாஃப்ட்வேரோட கேலிப்ரேஷன் நம்பர் கம்பெனி நம்பரோட ஒத்துப்போகல, எஞ்சின் வாரண்டி க்ளெய்ம் கிடையாதுன்னு. அவங்களைக் குறை சொல்ல முடியாது, ஆனா அந்த ரிசப்ஷன்ல எல்லார் முன்னாடியும் நின்னு அதைக் கேட்டது இருக்கே.

அப்புறம் ஒரு ஃப்ரெண்ட் மூலமா வேற ஒரு ட்யூனரைப் பிடிச்சேன். பெரியவர், வளவளன்னு பேச மாட்டார். ஈசியூவைக் கழட்டி மேஜைல வச்சு நேரடியா ரீட் பண்ணி, ஒரிஜினலோட பக்கத்துல வச்சு கம்பேர் பண்ணிக் காட்டினார். அப்பதான் என் வயிறு எரிஞ்சுது. டார்க் லிமிட்டர் அப்படியே கம்பெனி வேல்யூ. பூஸ்ட் மேப்ல கையே வைக்கல. பெடல் மேப்பை மட்டும் ஏத்தி விட்டிருக்கான், அதாவது முன்னாடி பாதி மிதிச்சா கிடைச்சது இப்ப கால்வாசி மிதிச்சாலே கிடைக்கும், முழுசா மிதிச்சா அந்த மேப்பால பவர் ஒண்ணும் கூடாது. நான் சிரிச்சு கை குடுத்தேனே, அது இதுக்குத்தான். ரயில் பிரஷரை மொத்தமா ஒரே சதவீதம் கண்ணை மூடிக்கிட்டு ஏத்தியிருக்கான். தொடவே மாட்டேன்னு சத்தியம் பண்ணாத குறையா சொன்ன ஸ்மோக் லிமிட்டரைத் திறந்து விட்டுட்டான், டீசல் கூடுது, அதுக்கேத்த காத்து இல்ல. பூஸ்ட் கம்மியானா வர்ற பி0299, ரயில் பிரஷர் எகிறினா வர்ற பி0088, இந்த மாதிரி எரர் கோடெல்லாம் ஆஃப். லைட் ஏன் எரியலைன்னு அப்பதான் புரிஞ்சுது, வண்டி கத்தக்கூடாதுன்னு வாயைக் கட்டிட்டுப் போயிருக்கான். இது வெறும் ஏமாத்து இல்ல, மலை ரோட்ல குடும்பத்தோட போற வண்டி சார் இது.

இன்னொண்ணு. இந்த மாதிரி புது ஈசியூ நிறையத்துல ஓபிடி வழியா ரைட் பண்ணலாம், ஆனா முழுசா ரீட் பண்ண முடியாதாம். டூல் சாஃப்ட்வேர் நம்பரை மட்டும் படிச்சுட்டு சர்வர்லேர்ந்து அதே நம்பர் ஃபைலை இறக்கும், வர்ச்சுவல் ரீட்னு சொல்றாங்க. ஒழுங்கான டூலா இருந்தா அதுல ஒண்ணும் தப்பில்ல. இவன்கிட்ட இருந்தது டூப்ளிகேட் டூல் போல, என் வண்டில ஏத்தினது வேற வேரியண்ட்டோட ஃபைல். அதாவது என் ஒரிஜினல் ஃபைல் அவன்கிட்ட எப்பவுமே இருந்ததில்ல. பத்திரமா வச்சுக்குவேன்னு எதைடா வச்ச?

பெரியவர் சரியான ஸ்டாக் ஃபைலைத் தேடிப் போட்டுக் குடுத்தார், அதுக்கு அவர் கூலி, ஆயில் மாத்தினது, இப்ப கிளட்ச். கிளட்ச் உக்கார்ற டூயல் மாஸ் ஃப்ளைவீலும் ஆடுதாம், அதையும் சேத்து மாத்தணுமாம். ரீமேப்புக்குப் போன ஒரு மாசச் சம்பளம் தனி, இது எல்லாம் அதுக்கு மேல. ஸ்டாக் வந்ததும் புகை நின்னுடுச்சு, டர்போ தப்பிச்சுதான்னு இன்னும் பாக்கணும்.

விவரமா எழுதறேன்னு சொன்னேன், கிளட்ச் கடைலேர்ந்து ஃபோன் மேல ஃபோன், அதனால சுருக்கமா. ஒரிஜினல் ஃபைலோட காப்பி உங்க பென் டிரைவ்ல ஏறாம அடுத்த ஸ்டெப்புக்கு விடாதீங்க, அதுல சாஃப்ட்வேர் நம்பர் உங்க ஈசியூ நம்பரோட ஒண்ணான்னு பாருங்க. டைனோ இருக்கற இடத்துக்கே போங்க, முன்னாடி ஒரு ரன், பின்னாடி ஒரு ரன், ஒரே நாள்ல, ஒரே கியர்ல, நீங்க நின்னு பாக்கணும். எந்த எரர் கோடையாவது ஆஃப் பண்றேன், மாசைக் குறைக்கிற ஈஜிஆர் டிபிஎஃப்பைத் தூக்கறேன்னா வண்டியை எடுத்துக்கிட்டு வந்துடுங்க, அது நிறைய நாட்டுல சட்டப்படியே குத்தம். இன்சூரன்ஸ்காரங்ககிட்ட முன்னாடியே சொல்லிடுங்க. பில் இல்லாம காசு குடுக்காதீங்க. ஏற்கனவே பண்ணிட்டீங்க, புகை வருது, ஆனா லைட் எரியலைன்னா, லைட்டை நம்பாம உடனே ஈசியூவை யார்கிட்டயாவது குடுத்து ரீட் பண்ணிப் பாருங்க.

அவன் இப்ப புதுப் பேர்ல பக்கம் ஆரம்பிச்சுட்டான், ஃப்ரெண்ட் ஒருத்தன் இப்பத்தான் ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினான். மேல பெருசா டீசல் ஸ்பெஷலிஸ்ட்னு போட்டிருக்கு, கீழ அதே 6500 ஆர்பிஎம் கிராஃப்.