செந்தோசாவில் அறை எடுக்காதவர் காரை எங்கே விடுவது?

கடந்த டிசம்பர் பள்ளி விடுமுறையில் செந்தோசாத் தீவிலுள்ள யுனிவர்சல் ஸ்டூடியோஸ் சிங்கப்பூர் கேளிக்கைப் பூங்காவுக்கு ஆறு பேராகச் சென்றோம்: நான், மனைவி, பிள்ளைகள் இருவர், எழுபதைத் தாண்டிய அம்மா, தஞ்சாவூரிலிருந்து வந்திருந்த சித்தி. அந்தப் பூங்கா இருக்கும் ரிசார்ட்ஸ் வேர்ல்டு செந்தோசா வளாகத்தின் ஹோட்டல்களில் அறை எடுக்கும் பேச்சே எழவில்லை. ஈசூனில் சொந்த வீடு இருக்க, அதே ஊரில் ஓர் இரவுக்கு வாடகை கொடுப்பதை அம்மா ஒருபோதும் ஒப்பமாட்டார். ஆக, தங்காத விருந்தாளியாகப் போய்க் காரை எங்கே நிறுத்துவது என்பதுதான் கேள்வி. முன்பு வெவ்வேறு சமயங்களில் வெவ்வேறு இடங்களில் நிறுத்திப் பார்த்திருக்கிறேன். இந்த முறை ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, நாள் முழுவதும் அதன் பலனையும் குறையையும் அனுபவித்த பிறகு இதை எழுதுகிறேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைக்கப் போவதில்லை.

காரே வேண்டாம் என்பவர்களுக்கு எம்ஆர்டி ரயிலில் ஹார்பர்ஃபிரண்ட் நிலையத்தில் இறங்கும் வழியும், தீவுக்குள்ளேயே செல்லும் 123ஆம் எண் பேருந்தும் இருக்கின்றன. இருவராகப் போனால் நானும் அப்படித்தான் போவேன்; அதைப் பற்றி மேலே சொல்ல ஒன்றுமில்லை.

கார் வைத்திருப்பவர்களில் பலர் முதலில் நினைப்பது, தீவுக்கு எதிரே இருக்கும் விவோசிட்டி கடைத்தொகுதியைத்தான். காரை அங்கே விட்டுவிட்டு, மூன்றாம் தளத்திலிருந்து செந்தோசா எக்ஸ்பிரஸ் ரயில் ஏறினால் அடுத்த நிலையமே ரிசார்ட்ஸ் வேர்ல்டு. அல்லது கடலோரப் பலகைப் பாதையில் இலவசமாக நடந்தே போய்விடலாம். கேட்பதற்கு மலிவாகத் தோன்றும் இந்த ஏற்பாட்டில் ஒரு கணக்கைப் பலர் போட்டுப் பார்ப்பதில்லை. ரயிலில் தீவுக்குள் நுழைய வழக்கமான கட்டணம் தலைக்கு 4 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). திரும்பி வருவதற்குக் கட்டணம் இல்லை. ஆறு பேருக்கு 24 வெள்ளி ஆயிற்று. காரோடு தீவுக்குள் நுழைந்தால் கட்டணம் வண்டிக்குத்தான், தலைக்கு அல்ல. நாளையும் நேரத்தையும் பொறுத்து 2 முதல் 6 வெள்ளி. உச்ச நேரத்தில் நுழைந்தாலும் 18 வெள்ளி மிச்சம், அதைக் கொண்டே தீவுக்குள் நிறுத்தும் கூடுதல் செலவில் ஒரு பகுதியைச் சரிக்கட்டிவிடலாம். இருவர் மட்டும் போகும்போது இந்த வித்தியாசம் ஏறக்குறைய மறைந்துவிடுகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பலகைப் பாதை அழகானதுதான். கூரையும் நகரும் நடைமேடையும் உண்டு. பிள்ளைகள் அதில் எதிர்த்திசையில் ஓட முயல்வார்கள். ஆனால் அரைக் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அந்தத் தூரத்தைக் காலையில் உற்சாகமாக நடப்பது வேறு, நாள் முழுதும் வெயிலில் வரிசையில் நின்ற கால்களோடு இரவு ஒன்பது மணிக்கு நடப்பது வேறு. தவிர, விடுமுறை நாளில் விவோசிட்டிக்குள் கார் நுழைவதற்கே ஒரு வரிசை நிற்கும். கடைக்கு வந்தவர்களும் சாப்பிட வந்தவர்களும் நம்மைப் போன்றவர்களும் ஒரே இடத்துக்காகச் சுற்றுவார்கள்.

இரண்டாவது வழி, ஹோட்டல் முகப்புக்கே காரை ஓட்டிச் சென்று காரை நமக்காக நிறுத்தித் தரும் வேலே ஊழியரிடம் சாவியைக் கொடுப்பது. இதை நான் ஒரே ஒருமுறைதான் செய்திருக்கிறேன், அதுவும் நண்பர் ஒருவரின் திருமண நாள் விருந்துக்காக. ஆகவே என் கருத்தை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள். எந்த ஹோட்டல் என்பது இங்கு முக்கியமில்லை. இறங்கியதும் அறை எண் என்ன என்று மரியாதையாகக் கேட்டார்கள். அறை இல்லை, உணவகத்துக்கு வந்திருக்கிறோம் என்றதும் அதே மரியாதையோடு வேறொரு சீட்டைக் கொடுத்தார்கள். விருந்துக்கு அது பொருத்தமான வழி. சாப்பிட்டவர்களுக்கு நிறுத்தக் கட்டணத்தில் சலுகை தரும் உணவகங்கள் உண்டு, பணம் செலுத்தும் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. கேளிக்கைப் பூங்காவுக்கு நாள் முழுதும் செல்பவருக்கோ அது ஒத்துவராது. அதற்கான காரணம் கட்டணத்தைவிட வேறொன்று: சாவி நம் கையில் இல்லை. அது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்பதற்குத்தான் இனி வருகிறேன்.

மூன்றாவது வழியும் நான் தேர்ந்தெடுத்ததும், ரிசார்ட்டின் பொது நிலத்தடி வாகன நிறுத்துமிடம். நடுப்பகுதியில் உள்ள ஹோட்டல்களுக்கு அடியில் விரிந்து கிடக்கும் அந்தப் பெரிய நிறுத்துமிடத்துக்கு அறைச் சாவி தேவையில்லை. யார் வேண்டுமானாலும் நுழையலாம். சூதாட்டக் கூடத்துக்குப் போகிறவர்களும் அங்கேதான் நிறுத்துகிறார்கள். சிங்கப்பூரர்களும் நிரந்தரவாசிகளும் அந்தக் கூடத்துக்குள் ஒருநாள் காலடி வைக்கவே 150 வெள்ளி கட்ட வேண்டியிருப்பதால், அவர்களில் எவரும் கார் நிறுத்தக் கட்டணத்தைப் பற்றிக் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை. மேற்கு முனையில் இருக்கும் எக்குவாரியஸ் ஹோட்டல் பக்கம் போய் நிறுத்திவிடாதீர்கள். பூங்கா வாசலுக்கு அங்கிருந்து நல்ல நடை.

கட்டணப் பலகையைப் படிக்கும்போது முதல் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு என்று பார்ப்பது நம் எல்லோருக்கும் பழக்கம். எட்டு மணி நேரம் நிற்கப்போகும் காருக்கு அந்த எண்ணால் பயனில்லை. அதற்கடுத்த ஒவ்வொரு மணிக்கும் என்ன விலை, வார இறுதியில் அது மாறுகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் பொது நிறுத்துமிடம் மலிவானது என்று நான் சொல்லமாட்டேன். மலிவுக்காக அதைத் தேர்ந்தெடுக்கவும் இல்லை.

நான் பார்த்தது ஒன்றே ஒன்று: நடுப்பகலில் காருக்குத் திரும்பி வர முடியுமா? வெளியிலிருந்து உணவு கொண்டுபோகப் பூங்காவில் அனுமதி இல்லை. அம்மாவோ வெளிச் சாப்பாட்டை ஒரு வேளைக்கு மேல் தாங்கமாட்டார், அவருக்கு நேரத்துக்குச் சாப்பிட்டே ஆக வேண்டிய சர்க்கரை வேறு. காலையில் வீட்டிலிருந்து கிளம்பும்போதே மூன்றடுக்கு எவர்சில்வர் டப்பாவில் தயிர் சாதம், எலுமிச்சை சாதம், வறுத்த உருளைக்கிழங்கு, தனியே ஒரு சின்னக் கிண்ணத்தில் மாங்காய் ஊறுகாய் எல்லாம் குளிர்ப்பைக்குள் ஐஸ் கட்டியோடு டிக்கியில் ஏறிவிட்டன. பன்னிரண்டரை மணிக்கு, மறுபடி உள்ளே போவதற்காகக் கையில் முத்திரை குத்திக்கொண்டு வெளியே வந்தோம். வாசலில் சுழலும் யுனிவர்சல் உருண்டையைத் தாண்டி, மின்படியில் இறங்கி, காரை அடைய அம்மாவின் நடைக்குப் பத்து நிமிடம் கூட ஆகவில்லை. டப்பாவை எடுத்துக்கொண்டு மறுபடி மேலே வந்து, நீரோரமாக நிழலில் ஒரு பெஞ்சில் அமர்ந்து சாப்பிட்டோம். காருக்குள்ளேயே குளிரூட்டியைப் போட்டுச் சாப்பிடலாமே என்று சித்தி கேட்டார். நிறுத்திய வண்டியில் எஞ்சினை ஓடவிடுவது இந்த ஊரில் அபராதத்துக்குரியது என்றதும், "தயிர் சாதத்துக்கு ஃபைனா, நல்ல ஊருடா உங்க ஊரு" என்றார்.

அன்று இரண்டாவது முறையும் காருக்குப் போனோம், அது திட்டத்தில் இல்லாதது. ஜுராசிக் பார்க் பகுதியில் வட்டப் படகில் தண்ணீரில் சுழன்றுபோகும் சவாரியில் பிள்ளைகள் இருவரும் உள்ளாடை வரை நனைந்தார்கள். நனைந்தபடியே குளிரூட்டிய அரங்குகளுக்குள் புகுந்தால் மறுநாள் தும்மல் நிச்சயம். அதோடு, ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை வருவது வடகிழக்குப் பருவமழைக் காலத்தில். மூன்று மணிக்கு வானம் கறுத்து மின்னல் எச்சரிக்கை வந்தால் திறந்தவெளிச் சவாரிகளை நிறுத்திவிடுவார்கள், கூட்டம் முழுவதும் கூரைக்கடியில் ஒதுங்கும். அந்த நேரத்தை நாங்கள் வீணாக்கவில்லை. காருக்குப் போய் உலர்ந்த உடை மாற்றி, பிள்ளைகளின் தலையைத் துவட்டி, அம்மாவைப் பின் இருக்கையில் காலை நீட்டி அரை மணி நேரம் கதவைத் திறந்து வைத்தபடி ஓய்வெடுக்கச் செய்தோம். நிலத்தடி என்பதால் வெயில் ஏறிய காரின் அனல் இல்லை, ஆனாலும் காற்றோட்டம் குறைவு. அதற்கு மேல் அங்கே உட்கார முடியாது.

இதே காரியத்தை விவோசிட்டியிலிருந்து செய்ய முயன்றிருந்தால் ஒவ்வொரு முறையும் ரயிலிலோ பலகைப் பாதையிலோ போய்த் திரும்ப வேண்டியிருக்கும், ரயிலில் திரும்பினால் மறுபடி தலைக்கு 4 வெள்ளி; செய்திருக்கவே மாட்டோம். வேலேயில் விட்டிருந்தால் ஊறுகாய்க் கிண்ணத்துக்காக ஒருமுறை, உலர்ந்த சட்டைக்காக ஒருமுறை என்று காரை வரவழைக்கச் சொல்லும் துணிவு எனக்கு வந்திருக்காது.

குறைகளும் உண்டு. அந்த நிலத்தடியில் எல்லாத் தூணும் ஒன்றுபோலத் தெரியும். நடுப்பகலில் நேராகக் காருக்குப் போய்விட்டதால், இரவிலும் அதேபோல் போய்விடலாம் என்று இருந்துவிட்டேன். வேறு மின்படியில் இறங்கியதால், தூங்கும் சின்னவனைத் தோளில் போட்டுக்கொண்டு கால் மணி நேரம் தேடினோம். தூண் எண்ணையும் இறங்கிய மின்படியின் பக்கத்திலிருந்த கடையையும் சேர்த்துப் படம் எடுத்திருக்க வேண்டும். அதைவிட மோசம், நிறுத்தக் கட்டணம் கழிக்கப்படும் கேஷ்கார்டில் மீதத்தைப் பார்க்காமல் வெளிவாயிலுக்கு வந்தது. பூங்கா மூடிய நேரம், பின்னால் பதினைந்து கார்கள், தடுப்புக் கம்பம் எழ மறுத்தது. மனைவியின் பையிலிருந்த வங்கி அட்டையால் தப்பித்தோம். தவறு முழுக்க என்னுடையது.

வாசல் மூடும் நேரத்துக்குச் சற்று முன்போ, இரவு உணவுக்கு அப்புறமோ புறப்பட்டால் அந்த நெரிசல் பெரிதும் குறையும் என்று நினைக்கிறேன். நான் வெளிவந்தது அந்த ஒருநாள் இரவு மட்டுமே. பூங்காவின் ஹாலோவீன் நிகழ்ச்சி நடக்கும் இரவுகளில் எப்படி இருக்கும் என்பதை அங்கே போனவர்கள்தான் சொல்ல வேண்டும்.

ஜூன் விடுமுறைக்குச் சித்தி மறுபடி வருகிறார். காரை விவோசிட்டியிலேயே விட்டுவிட்டுப் பலகைப் பாதையில் நடக்கலாம் என்று இப்போதே சொல்லிவிட்டார். நிலத்தடியிலேயே போய் நிலத்தடியிலேயே வந்துவிட்டதால், தீவுக்குப் போயும் போகிற வழியில் கடலையே பார்க்கவில்லையாம்.