கிராஃபீன் உரிக்கும் செட்: டேப்பை மட்டும் மாற்றிவிடுங்கள்

டேப் மட்டும் நன்றாக இருந்திருந்தால் இந்த செட்டுக்கு 5 ஸ்டார் போட்டிருப்பேன், இப்போதைக்கு 3தான்.

ராயபுரத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுக்கிறேன். கிராஃபைட்டின் ஒற்றை அடுக்கான கிராஃபீன் என்று, ஒரே ஒரு அணு தடிமனில் ஒரு பொருள் இருக்கிறது என்று எத்தனை தடவை சொன்னாலும் அவர்கள் முகத்தில் நம்பிக்கை வராது, சரி, கண்ணால் காட்டிவிடலாம் என்று ஆன்லைனில் இதை வாங்கினேன். ஒரு டப்பி கிராஃபைட் (பென்சிலுக்குள் இருக்கிற அதே கார்பன்), ஒரு சுருள் டேப், விரல் நகம் அளவில் 5 சிலிக்கான் சில்லுகள்.

கிராஃபைட் அருமை. காசிமேட்டில் கொடுவா சுரண்டும்போது தெறிக்கிற செதில் மாதிரி தட்டையாக, மினுமினுவென்று இருக்கிறது. அதை டேப்பில் வைத்து, மடித்து ஒட்டிப் பிரிக்க வேண்டும், பிரிக்கப் பிரிக்க மெலியும், கடைசியில் டேப்பைச் சில்லின் மேல் அழுத்தி உரித்தால் மெல்லிய செதில்கள் அதில் தங்கும். 1 மில்லிமீட்டர் கிராஃபைட்டில் கிட்டத்தட்ட 30 லட்சம் அடுக்குகள், அவை ஒன்றையொன்று லேசாகத்தான் பிடித்திருக்கின்றன, பென்சில் எழுதுவதே அதனால்தான். 2004இல் மான்செஸ்டரில் ஆந்த்ரே கைம், கான்ஸ்டன்டின் நோவோசெலோவ் என்ற இயற்பியலாளர்கள் இப்படி டேப்பால் உரித்துத்தான் கிராஃபீனைக் காட்டினார்கள், 2010இல் நோபல் கிடைத்தது.

செட்டில் வந்த டேப்போ பசையை அப்படியே சில்லில் விட்டுவிடுகிறது. மைக்ரோஸ்கோப்பில் செதில் எது, பசை எது என்றே தெரியவில்லை, 2 சில்லு வீண். மனசு கேட்கவில்லை, சனிக்கிழமை பாரிமுனை போய் ஆண்டர்சன் தெருவில் ஒரு கடையில், "அண்ணே, ஒட்டணும், ஆனா பிரிச்சா பசை நிக்கக்கூடாது" என்றேன். நாலைந்து சுருளைத் தன் கையிலேயே ஒட்டி உரித்துப் பார்த்துவிட்டு ஒன்றை நீட்டினார். அதுதான் வேலை செய்தது.

சில்லுகளைக் குறை சொல்ல முடியாது. மேலே 300 நானோமீட்டர் ஆக்சைடு இருப்பதால் ஊதா நிறத்தில் இருக்கின்றன. அந்தக் கனத்தில் ஒளிக் குறுக்கீட்டால் (ஆக்சைடின் மேலும் கீழும் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று கலப்பதால்) ஓர் அடுக்குகூட மைக்ரோஸ்கோப்பில் கண்ணுக்குத் தட்டுப்படும், வெறும் கண்ணாடியில் நாளெல்லாம் தேட வேண்டியதுதான். தடித்த துண்டுகள் மஞ்சளாக மின்னுகின்றன, மெல்லியவை நீலம், அதற்கும் ஓரத்தில் ஊதாவின் மேலேயே கொஞ்சம் அடர்ந்த ஊதாவாக, நிழல் விழுந்த மாதிரி ஒரு துணுக்கு. பிள்ளைகள் வரிசையில் நின்று மாறி மாறிப் பார்த்தார்கள். ஒற்றை அடுக்குதான் என்று அடித்துச் சொல்ல ராமன் நிறமாலை (லேசர் ஒளி சிதறுவதை வைத்து அடுக்கை அறியும் சோதனை) எடுக்க வேண்டும், அது எங்களிடம் இல்லை.

அப்புறம் ஒன்று, இங்கே கடல் காற்றில் எல்லாமே ஈரம் பிடிக்கும். டேப்போடு சேர்த்துச் சில்லை 100 டிகிரியில் இரண்டு நிமிடம் சூடாக்கி, ஆறியபின் டேப்பை உரித்தால் செதில் சில்லில் நன்றாக ஒட்டுகிறது.

"மிஸ், மிக்ஸில அடிச்சா வராதா?" என்று ஒரு பையன் கேட்டான். வரும்! 2014இல் டப்ளின் குழு ஒன்று சோப்பு நீரில் கிராஃபைட்டைப் போட்டு, சமையலறை பிளெண்டரிலேயே அடித்துக் காட்டியது. ஆனால் கிடைப்பவை சில அடுக்குள்ள பொடித் துணுக்குகள், அச்சு மைக்கும் பூச்சுக்கும் சரி. அகலமான கிராஃபீன் தாள் வேண்டுமென்றால் செப்புத் தகட்டைச் சுமார் 1000 டிகிரிக்குச் சூடாக்கி மீத்தேன் செலுத்துவார்கள், பள்ளியில் நடக்காது.

டப்பியில் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கிறது. அடுத்த பேட்சுக்கு 3 சில்லு போதும், டேப் ஆண்டர்சன் தெருவில்தான்.